தாளம் போடுற கை யாருடையது?

போன எபிசோட் மேடையில நிற்கிற ஆக்களைப் பற்றியது. யார் பாடினது, யாருடைய குரலை ஏஐ எடுத்தது, யாருக்குக் காசு போகுது எண்டு ஒரு மணித்தியாலம் கதைச்சம். இந்தக் கடிதம் கீழ கதிரையில இருக்கிற ஆக்களைப் பற்றி. அதாவது எங்களைப் பற்றி.

"ரசிகர்களும் பங்குபற்றும் இசை நிகழ்ச்சி" எண்ட விளம்பரத்தை இப்ப எங்கயும் காணலாம். அதில அரைவாசி வெறும் வெளிச்சம். 2012இல் கோல்ட்பிளே குழு தங்கட சுற்றுப்பயணத்தில ரசிகர்களின் கையில மின்னுகிற பட்டியைக் கட்டிவிட்டது. அதுக்குப் பிறகு பெரிய பெரிய ஸ்டேடியம் எல்லாம் அப்பிடித்தான். பார்க்க வடிவாத்தான் இருக்கும், அதை நான் மறுக்கேல்லை. ஆனா அந்தப் பட்டியை இயக்கிறது நீங்கள் இல்லை. எங்கயோ ஒரு மேசையில இருக்கிற ஆள் பட்டனை அமத்த, உங்கட கை நீலமாகும். நீங்கள் நித்திரை கொண்டாலும் அது மின்னும். அந்த இடத்தில நீங்கள் ரசிகர் இல்லை, ஒரு பிக்சல்.

இதை எங்கட மிருதங்க அரங்கேற்றத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ. ஸ்ட்ரோம்மன், லோரன்ஸ்கூக், குரூருட்டால் பக்கம் வளர்ந்த எங்களில கனபேருக்கு வார இறுதி எண்டாலே அரங்கேற்றம்தான். தனி ஆவர்த்தனம் தொடங்கினவுடன ரோல்ஸும் தேத்தண்ணியும் தேடிப் போற கூட்டம் ஒண்டு இருக்கு. முன் வரிசையில தொடையில தட்டித் தாளம் போடுற மாமாக்களும் இருக்கினம். ஆதி தாளம் எண்டா ஒரு தட்டு, மூண்டு விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு. மேடையில பதினாறு வயசுப் பிள்ளை கோர்வையை முடிச்சு சமத்தில வந்து விழேக்குள்ள, அந்த மாமாவின் கையும் சரியா அங்கதான் விழும். பிள்ளை அதைப் பார்க்கும். பார்த்துச் சிரிக்கும். மாமா பிழையான தாளம் போட்டா பிள்ளை தடுமாறும், அதுவும் நடக்கிறதுதான். பிழை விடக்கூடிய இடத்தில இருக்கிற ஆள்தான் உண்மையில பங்குபற்றுகிறார் எண்டு எனக்குப் படுகுது. மின்னுகிற பட்டியைக் கட்டின ஆளால கச்சேரியைக் குழப்பவே முடியாது.

இப்ப ஏஐக்கு வருவம். பொப் பாட்டைக் கேட்டு அடியைக் கண்டுபிடிக்கிறது கணினிக்கு இப்ப பெரிய வேலை இல்லை, ட்ரம்ஸ் அடியிலேயே விழுந்து கொண்டிருக்கும். கர்நாடக இசையில அது பிடிபடாது. பாட்டு சமத்திலேயே தொடங்கவேணும் எண்டில்லை, அரை இடம், ஒண்டரை இடம் தள்ளியும் எடுப்பு இருக்கும். மிருதங்கம் தாளத்தை அப்பிடியே அடிச்சுக் காட்டிறதில்லை, அதைச் சுற்றி ஓடி விளையாடும். பார்சலோனாவில பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில சவியேர் செர்ரா தலைமையில 2011இல் தொடங்கின 'கொம்ப்மியூசிக்' எண்ட ஆய்வுத் திட்டம் கர்நாடக இசையையும் எடுத்து வேலை செய்தது. அங்க அஜய் ஸ்ரீநிவாசமூர்த்தி எண்டவர் 2016இல் முடிச்ச முனைவர் பட்ட ஆய்வே, ஒலிப்பதிவில இருந்து தாளத்தைக் கணினி எப்பிடிக் கண்டுபிடிக்கலாம் எண்டதைப் பற்றியதுதான். அவ்வளவு கஷ்டப்படுறதுக்கு எனக்குத் தெரியிற பெரிய காரணம் ஒண்டு: எங்கட தாளம் பாதி ஒலியிலயே இல்லை. அது கையில இருக்கு. பாடகரின் கையிலயும் முன் வரிசை மாமாவின் கையிலயும்.

அப்ப கணினி மேடையைக் கேட்கிறதை விட்டிட்டு மாமாவின் கையைப் பார்த்தா என்ன? இது பகிடி இல்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில 'ரிட்மோ' எண்டு ஒரு ஆய்வு மையம் இருக்கு. கச்சேரி கேட்கிற ஆக்களின் உடம்பு என்ன செய்யுது எண்டதை அளக்கிறது அவங்கட வேலைகளில ஒண்டு. 2021 ஒக்டோபரில கொப்பன்ஹேகனில டேனிஷ் ஸ்ட்ரிங் குவார்டெட் வாசிச்ச கச்சேரி ஒண்டில, ரசிகர்களின் ஃபோனிலயே ஒரு செயலியைப் போட்டு அவங்கட அசைவைப் பதிஞ்சவங்கள். இன்னொரு கூத்தும் இருக்கு. அசையாமல் நிற்கிறதுக்கு நோர்வே தேசியப் போட்டி! பேராசிரியர் அலெக்ஸாண்டர் ரெஃப்சும் யென்சேனியுஸும் ஆக்களும் 2012இல் தொடங்கினது. ஆடாமல் அசையாமல் நிற்கிற ஆளின் தலையும் செக்கனுக்குச் சராசரி ஆறு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல அசையுதாம். பாட்டைப் போட்டா இன்னும் கொஞ்சம் கூடுதாம். நோர்வேக்காரர் கச்சேரியில மரம் மாதிரி இருப்பினம் எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம், உள்ளுக்குள்ள அவையும் ஆடிக்கொண்டுதான் இருக்கினம்.

ஆக, தொழில்நுட்பம் கையில இருக்கு. கையில கட்டியிருக்கிற மணிக்கூட்டின் அசைவு உணரி, மண்டபத்தில இருக்கிற முந்நூறு பேரின் தாளத்தையும் சேர்த்து ஒரு மொடலுக்குக் குடுக்கலாம். அந்த மொடல் தம்பூரா மாதிரிப் பின்னுக்கு ஒலிக்கலாம், கொன்னக்கோல் சொல்லிக் கேள்வி பதில்கூடச் செய்யலாம். கேட்க எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்வி நெருடுது: அந்த முந்நூறு பேரின் தாளம் நிகழ்ச்சி முடிய எங்க போகும்?

இந்தக் கேள்வியோட கனகாலமா மினக்கெடுகிற ஒரு கலைஞர் ஹொலி ஹெர்ன்டன். 2019இல் வந்த 'ப்ரோட்டோ' அல்பத்துக்காக 'ஸ்போன்' எண்ட ஏஐயைப் பழக்கினபோது, பேர்லினில கூட்டத்தைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லத் திருப்பிப் பாடவைச்சு, அந்தக் குரல்களையே பயிற்சிக்கு எடுத்தவா. வந்த ஆக்களுக்கு என்ன நடக்குது எண்டு தெரியும். பிறகு மேட் டிரைஹேர்ஸ்டோட சேர்ந்து 2024இல் லண்டன் சேர்பென்டைன் கலைக்கூடத்தில 'த கோல்' எண்ட கண்காட்சியைச் செய்தவா. ஐக்கிய இராச்சியம் முழுக்கப் பதினைஞ்சு பாடகர் குழுக்களிட்டப் போய்க் குரலைப் பதிஞ்சினம். அந்தத் தரவை என்ன செய்யலாம் எண்டதில பாடின ஆக்களுக்கும் சொல்லு இருக்கிற மாதிரி ஒரு பொறுப்பு முறையையும் பரிசோதிச்சினம். எனக்கு இதில பாட்டைவிட அந்த ஒப்பந்தம்தான் பெரிய படைப்பு.

எங்கட பக்கத்தில 2024 ஜனவரியில வந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டு ஞாபகம் இருக்கும். காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இரண்டு பேரின் குரலையும் ஏஐயால திரும்பக் கொண்டு வந்ததுக்கு, குடும்பத்திட்ட அனுமதி கேட்டுப் பணமும் குடுத்தது எண்டு ரஹ்மான் சொன்னவர். பெயர் தெரிஞ்ச குரலுக்கு ஒரு குடும்பம் இருக்கு, போய்க் கேட்கலாம். மண்டபத்தில சேர்ந்து பாடின குரலுக்கு ஆரிட்டப் போய்க் கேட்கிறது?

நோர்வேயில சட்டம் இருக்கு. 2018 ஜூலையில இருந்து ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி இங்கயும் நடைமுறையில இருக்கு. ஆளை அடையாளம் காட்டக்கூடிய குரலும் அசைவும் தனிப்பட்ட தரவு, எதுக்கு எடுக்கிறம் எண்டு சொல்லித்தான் எடுக்கவேணும். ஆனா எங்கட மண்டபங்களில மூண்டு கமரா, ஒரு நேரலை, பிறகு எல்லாம் யூடியூப்பில. அம்மாமாரைக் கேட்டா "பிள்ளையின்ட நிகழ்ச்சி தானே" எண்டுவினம். இது வரைக்கும் அது சரி. அந்த வீடியோக்கள் நாளைக்கு ஒரு மொடலுக்குப் பாடப்புத்தகமா மாறினா, முன் வரிசை மாமாவும் அதில ஒரு வாத்தியார். அவரிட்ட ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம். அடுத்த அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் அடிக்கிற வீட்டுக்காரர் ஒரு வரி சேர்த்தாலே போதும்: என்ன பதிவாகுது, எங்க போகுது, வேண்டாம் எண்டா எந்தப் பக்கம் இருக்கலாம்.

அதுக்கிடையில ஒரு விளையாட்டு. ஜெர்மனியில ஆகன் பல்கலைக்கழகம் செய்த 'ஃபைஃபொக்ஸ்' எண்ட இலவசச் செயலியை ஃபோனில போடுங்கோ. முடுக்கம் அளக்கிற பக்கத்தைத் திறந்து, ஃபோனை மணிக்கட்டில ரப்பர் பாண்டால கட்டிப்போட்டு ஆதி தாளம் போடுங்கோ. தட்டு ஒவ்வொண்டும் ஊசி மாதிரி மேல நிற்கும். வீச்சில கை மறுபக்கம் திரும்பிறதால கோடு தலைகீழாப் போகும். விரல் எண்ணுற இரண்டு, மூண்டு, நாலு மட்டும் சின்னதாத்தான் தெரியும், தேடிப் பார்க்கவேணும். மிஸ்ர சாபு போட்டா எப்பிடி வருது எண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. தரவுக் கோப்பை அனுப்பவேண்டாம், அது உங்களிட்டயே இருக்கட்டும்.