கப்பல் உடைப்பு

கப்பல் உடைப்பு என்பது, பயன்பாட்டுக் காலம் முடிந்த கப்பல்களைப் பிரித்து, அவற்றிலுள்ள எஃகு, பிற உலோகங்கள், இயந்திரங்கள், தளவாடங்கள் ஆகியவற்றை மீட்டெடுக்கும் தொழில் ஆகும். சரக்குக் கப்பல்கள் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகள் வரை ஓடுகின்றன. பராமரிப்புச் செலவு வருவாயை விஞ்சும்போது, உரிமையாளர்கள் அவற்றை உடைப்பதற்கு விற்றுவிடுகின்றனர். கப்பலின் எடையில் பெரும்பகுதி எஃகு என்பதால், ஓடாத கப்பலுக்கும் விலை உண்டு.

தமிழ்நாட்டவர் நன்கறிந்த எடுத்துக்காட்டு சிதம்பரம் என்னும் பயணிகள் கப்பல் ஆகும். 1966 இல் பிரான்சில் கட்டப்பட்ட இக்கப்பலை, 1970களில் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இயக்கியது. 1985 பிப்ரவரியில் கப்பலில் ஏற்பட்ட தீயில் பலர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் இக்கப்பல் மும்பையில் உடைக்கப்பட்டது.

உடைக்கும் முறை

இந்தியாவின் முதன்மையான உடைப்புத் தளம், குசராத்தின் பவநகர் மாவட்டத்திலுள்ள அலங் கடற்கரை ஆகும். இங்கு 1983 இல் இத்தொழில் தொடங்கியது. காம்பத் வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு மிக அதிகம். ஏற்றத்தின்போது கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்துவர். நீர் வற்றியதும் அது மணலில் தரைதட்டி நிற்கும். இதனால் உலர்துறை தேவைப்படுவதில்லை. பின்னர் தொழிலாளர்கள் எரிவாயுச் சுடரால் கப்பலைத் துண்டுதுண்டாக வெட்டுகின்றனர். எஃகுத் தகடுகள் உருட்டாலைகளில் கட்டுமானக் கம்பிகளாகின்றன. கதவு, கட்டில், சமையற்கலன் முதலியவை சாலையோரக் கடைகளில் விற்கப்படுகின்றன.

தீங்குகள்

பழைய கப்பல்களில் கல்நார், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு, எண்ணெய்க் கசடு ஆகியவை இருக்கும். கல்நார்த் தூசியால் உண்டாகும் நுரையீரல் நோய்கள் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், அதற்குள் வேலையை விட்டு ஊர் திரும்பிய தொழிலாளிக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகளில் தங்கும் ஆவி வெட்டும்போது வெடிக்கக்கூடும். 2016 நவம்பரில் பாக்கித்தானின் கடானியில் ஓர் எண்ணெய்க் கப்பல் வெடித்ததில் 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர்.

சட்டங்கள்

அலங் நோக்கி வந்துகொண்டிருந்த கிளமென்சோ என்னும் போர்க்கப்பலை, அதிலிருந்த கல்நார் குறித்த எதிர்ப்பால் பிரான்சு 2006 இல் திரும்ப அழைத்துக்கொண்டது. அது பின்னர் இங்கிலாந்தில் உடைக்கப்பட்டது. 2009 இல் ஆங்காங் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. கப்பலிலுள்ள தீங்கான பொருட்களின் பட்டியல் அக்கப்பலுடனேயே இருக்கவேண்டும் என அது வலியுறுத்துகிறது. இந்தியா 2019 இல் இதில் இணைந்து, அதே ஆண்டில் கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. உடன்படிக்கை 2025 சூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. எனினும், கப்பலை மணலில் ஏற்றி உடைக்கும் முறையை அது தடை செய்யவில்லை.