விரால் தூண்டிலுக்கு ஏற்ற இரை

வடகிழக்குப் பருவமழையால் நிரம்பும் விருதுநகர், சிவகாசிப் பகுதிக் கண்மாய்கள் கோடையில் வற்றிவிடும். அப்பொழுதும் சேற்றுக் குட்டைகளில் உயிர் தரித்திருக்கும் மீன் விரால். வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்குண்டு. பாசியின் நிழலில் அசையாது கிடந்து, அருகில் வரும் தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வுவது அதன் இயல்பு.

ஆகவே தூண்டிலுக்குத் தவளையே நெடுங்காலமாக நல்ல இரை. இப்பொழுது மென்மையான பிளாஸ்டிக்கினாலும் ரப்பரினாலும் செய்த தவளைகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குவோர் நிறத்தைக் கண்டு மயங்குகின்றனர். பார்க்க வேண்டியதோ முள்ளின் அமைப்பு. முள்முனை மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருந்தால் தாமரையிலையிலும் ஆகாயத்தாமரையிலும் சிக்காது. உடலை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அது அமுங்காவிடில் மீன் கவ்வியும் முள் தைக்காது. கலங்கல் நீரில் நிறத்தைவிட நீர்ப்பரப்பில் எழும் சலசலப்பே விராலை அழைக்கும். கவ்வியவுடன் இழுக்காமல், ஓரிரு நொடி பொறுத்துச் சுண்டுக.

செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழும் இடத்தில் தூண்டில் வீசலாகாது. காவல் நிற்கும் விராலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். வெடிமருந்தோடு பழகிய ஊர்களாதலின் இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. வெடியிட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. வெடி, பெருமீனோடு குஞ்சுகளையும் அழித்து, எறிபவன் கையையும் சிதைக்கக்கூடும். கண்மாயின் மீன்பாசிக் குத்தகை எவரிடமுள்ளதென விசாரித்து, அவர் இசைவு பெற்ற பின்னரே தூண்டிலை எடுத்துச் செல்க.