தண்டுவட மரப்பு நோய்: நன்கொடையால் நடக்கும் ஆராய்ச்சி

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளை, மின்கம்பியின் மேலுறைபோல், மயலின் என்னும் கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே அப்படலத்தைத் தாக்கிச் சிதைப்பதால் பார்வை மங்குதல், கால் தளர்தல், மரத்துப்போதல், தீராத அசதி எனப் பலவாறாக வெளிப்படுவதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) எனப்படும் தண்டுவட மரப்பு நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும் இந்நோயுடன் உலகில் ஏறத்தாழ 29 லட்சம் பேர் வாழ்கின்றனர்.

1945 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், இந்நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் இருந்தால் தொடர்புகொள்ளுமாறு ஒரு சிறு வரிவிளம்பரம் வெளிவந்தது. தம்பிக்காக அதைக் கொடுத்தவர் சில்வியா லாரி. ஐம்பதுக்கும் மேற்பட்ட மறுமொழிகள் வந்தன. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் அதே வழியைத் தேடித் தவித்தவர்களே. மருந்து இல்லை என்பதைவிட, மருந்தைத் தேடுவோரே அரிது என்பதை உணர்ந்த லாரி, மறு ஆண்டே அறிவியலாளர்களைத் திரட்டி, பின்னாளில் அமெரிக்கத் தேசிய எம்எஸ் சங்கம் எனப் பெயர்பெற்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் ஆய்வு நிதி கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் கபாட்டுக்குச் சென்றது. நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் எதிர்ப்புப் புரதங்கள் மிகுந்திருப்பதை ஆராய்ந்தவர் அவர். முதுகில் ஊசியிட்டு அந்நீரை எடுத்துச் சோதிக்கும் முறை, நோயை உறுதிசெய்ய இன்றும் உதவுகிறது.

சங்கம் அத்துடன் நிற்காமல் அமெரிக்க நாடாளுமன்றத்திலும் வாதாடியது. நரம்பியல் நோய்களுக்கென 1950இல் அந்நாட்டரசு ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தியதில் அந்த வாதத்துக்கும் பங்குண்டு. நன்கொடையின் பயனைத் தொகையை மட்டும் கொண்டு அளப்பது சரியன்று. அரசின் பணத்தை இழுத்துவருவதும் அதன் பயனே.

மருந்து நிறுவனம் போட்ட முதலைக் காப்புரிமைக் காலத்துக்குள் மீட்டாக வேண்டியிருப்பதால், மருந்தாகுமா எனத் தெரியாத அடிப்படைக் கேள்விகளையும், காப்புரிமை முடிந்து மலிவாகிவிட்ட பழைய மருந்துகளையும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கேதான் நன்கொடை இன்றியமையாததாகிறது. நீரிழிவுக்குத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு அறிமுகமான மெட்ஃபார்மின் மாத்திரையை முதிய எலிகளுக்குக் கொடுத்தபோது, மயலினை மீண்டும் உருவாக்கும் முன்னோடிச் செல்கள் இளமைத் திறனைத் திரும்பப் பெற்றதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர். மனிதருக்கும் அது பலிக்குமா எனப் பார்க்க, பிரிட்டன் எம்எஸ் சங்கத்தின் நிதியில் ‘ஆக்டோபஸ்’ என்னும் சோதனை நடைபெறுகிறது. பல மருந்துகளை ஒரே ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்து, மூளை சுருங்கும் வேகத்தை ஸ்கேனில் இடையிலேயே அளந்து, பலன் தராததை விலக்கிப் புதியதைச் சேர்ப்பது அதன் முறை. மருந்துக்கொரு சோதனை எனத் தனித்தனியே தொடங்குவதில் கழியும் ஆண்டுகள் இதனால் மிச்சமாகும்.

எல்லாம் கைகூடுவதில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் நோயின் முன்னேற்றத்தைத் தடுக்கவில்லை என, அரசு நிதியும் நன்கொடையும் சேர்ந்து நடத்திய 964 பேர் பங்கேற்ற சோதனை 2024இல் காட்டியது. வீண் நம்பிக்கையில் மாத்திரை விழுங்குவதிலிருந்து நோயாளிகளைக் காக்கும் அந்த விடையும் செலவிட்ட பணத்துக்குத் தகும்.

நோயாளி அமைப்புகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பின் முயற்சியால், 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் முதன்முறையாக இந்நோய்க்கு மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்றான ரிட்டுக்சிமாப், முதலில் புற்றுநோய்க்கென வந்தது. இந்நோய்க்கு அதற்கு முறையான ஒப்புதல் இல்லாதபோதும், விலை குறைவென்பதால் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துகின்றனர். அதற்கு நிகரான உள்நாட்டு மருந்து 2007 முதல் இந்தியாவில் விற்பனையில் உள்ளது.