லாக் லெவல்: எந்த வரி யார் கண்ணில் பட வேண்டும்?

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், யூனிகோடு பரவும் முன்பு நிறைய மின்னூல்களைத் திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஆர்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த கோப்புகளிலும் திஸ்கி ஏராளம். அப்படிப்பட்டவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வைத்திருக்கிறேன். லாக் லெவல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அதையே உதாரணமாகச் சொல்கிறேன்.

திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'க'. யூனிகோடில் முதலில் 'க', பின்னால் கொம்பு. நிரல் இடம் மாற்றித் தர வேண்டும், அது சுலபம். சிக்கல் எங்கே வருதுன்னா, 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகப் பலர் 'ள' எழுத்தையே அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒரே மாதிரிதான். ஆனால் 'கௌரவம்' என்று தேடினால் 'கெளரவம்' அகப்படாது. சொல்லடைவு தொகுக்கிறவருக்கு அந்த இடமே இல்லாமல் போய்விடும்.

நிரல் இதற்காக நிற்காது. தானாகத் திருத்தவும் விட முடியாது. மூல நூலைப் பார்த்து மனிதர்தான் முடிவு செய்யணும். கன்சோல்.லாக் கொட்டுகிற ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே அந்த எச்சரிக்கை வந்தால் யார் பார்ப்பது?

அதனால் இப்படிப் பிரித்திருக்கிறேன்:

- டீபக்: ஒவ்வொரு கொம்பு இடமாற்றமும். நிரலைத் திருத்தும்போது மட்டும்.
- இன்ஃபோ: கோப்பு முடிந்தது, எத்தனை வரி.
- வார்ன்: 'கெள' போன்ற சந்தேகங்கள், எழுத்தில்லாமல் தனியே நிற்கும் கொம்பு. கோப்புப் பெயர், வரி எண்ணோடு.
- எரர்: கோப்பைத் திறக்கவோ எழுதவோ முடியவில்லை.

நான் பயன்படுத்துவது 'லாக்லெவல்' என்ற சின்ன லைப்ரரி. ட்ரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என ஐந்து படி. எல்லாவற்றையும் அடைக்க சைலன்ட். நாம் எதுவும் சொல்லாவிட்டால் வார்னும் எரரும் மட்டுமே தெரியும். பிரவுசரில் செட்லெவல் கொடுத்தால் அதை லோக்கல் ஸ்டோரேஜில் நினைவு வைத்துக்கொள்ளும். பக்கத்தை மறுபடி திறந்தும் டீபக் வரிகள் வந்தால் காரணம் அதுதான். வேண்டாமென்றால் இரண்டாவது மதிப்பாக ஃபால்ஸ் கொடுங்கள். சர்வரில் ஜேசன் வடிவத்தில் லாக் வேணும்னா பினோ, வின்ஸ்டன் பக்கம் போகலாம்.

இன்னொன்று: அணைத்து வைத்த லெவலுக்கும் கொஞ்சம் செலவு உண்டு. அடைப்புக்குறிக்குள் எழுதிய கணக்கை ஜாவாஸ்கிரிப்ட் முதலிலேயே போட்டுவிட்டுத்தான் லாக் பக்கமே வரும். முழு நூலையும் ஒரே சரமாக இணைத்து டீபக்குக்கு அனுப்பினால், ஒரு வரியும் அச்சாகாது, நேரம் மட்டும் போகும்.

படிகள் எத்தனை என்பது பெரிய விஷயமில்லை. 2009-இல் வந்த சிஸ்லாக் வரையறையில் 8 உண்டு. வரியைப் படிக்கிறவர் அடுத்து என்ன செய்யணும்னு கேட்டுப் பாருங்கள். செய்ய ஒன்றுமில்லை என்றால் அது வார்ன் இல்லை.