பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? முதலில் முகவரியைப் பாருங்கள்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு தாளைப் பிரிண்ட் எடுப்பது சின்ன வேலை இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், தேர்வு நுழைவுச்சீட்டு என எல்லாமே இப்போது பிடிஎஃப் கோப்பாகத்தான் கைக்கு வருகின்றன. பக்கத்துக் கடை மூடியிருந்தால் மலைச்சாலையில் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கியாக வேண்டும். பிள்ளைகள் படிக்கும் வீட்டில் ஒரு பிரிண்டரை வாங்கி, எல்லாக் கணினிக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மழை, ஒரு காற்று, ஒரு மின்வெட்டு போதும். கரண்ட் திரும்பியதும் கணினி ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ என்று சொல்லிவிடும்.

உடனே எல்லோரும் சந்தேகப்படுவது இணையத்தைத்தான். “நெட் இல்லை, அதான் பிரிண்ட் வரவில்லை” என்று காத்திருக்கிறார்கள். இது தேவையில்லாத காத்திருப்பு.

கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் தகவல் வீட்டு ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. வெளியிலிருந்து வரும் கேபிள் அறுந்து கிடந்தாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் பிரிண்ட் வரும். இணையக் கணக்கு வழியாக இயங்கும் சில செல்போன் செயலிகள் மட்டும் விதிவிலக்கு. கணினிகளுக்கிடையிலான உள்வலைப்பின்னல் வளர்ந்ததில் பிரிண்டருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், ஆல்டோ கணினிகளை ஒன்றோடொன்றும் லேசர் பிரிண்டரோடும் இணைக்க வழி தேவைப்பட்டது. அதற்காக ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற உள்வலைப்பின்னல் திட்டம் உருப்பெற்றது.

கரண்ட் வந்ததும் என்ன நடக்கிறது?

வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி வேண்டும். அதைக் கொடுப்பது ரவுட்டர். மின்சாரம் திரும்பும்போது ரவுட்டரும் பிரிண்டரும் ஒரே நொடியில் உயிர்பெறுகின்றன. ரவுட்டர் முழுதாகத் தயாராக இரண்டொரு நிமிடம் ஆகலாம். பிரிண்டர் அதற்கு முன்பே முகவரி கேட்டுப் பார்க்கும், பதில் வராது. அப்போது அது 169.254 என்று தொடங்கும் ஒரு தற்காலிக எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். 2005-ல் வெளியான இணையத் தர ஆவணம் இதற்கான விதிமுறையை வகுத்திருக்கிறது. கணினியின் முகவரியோ வழக்கம்போல் 192.168 என்று தொடங்கும். இரண்டும் ஒரே அறையில் இருந்தாலும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது.

இதற்கு மருந்து எளிது. பிரிண்டரை அணைத்துவிட்டு, ரவுட்டரின் வைஃபை விளக்கு நிலையாக எரியும்வரை பொறுத்து, பிறகு பிரிண்டரைப் போட வேண்டும். ரவுட்டரை மட்டும் சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நேற்று 192.168.1.7 ஆக இருந்த பிரிண்டருக்கு, இன்று ரவுட்டர் 192.168.1.12 என்ற எண்ணைக் கொடுத்திருக்கலாம். கணினி பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறியவருக்குப் பழைய கதவு எண்ணில் தபால் போடுவது போலத்தான். இதை நிரந்தரமாகத் தீர்க்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்துக்குப் போய், பிரிண்டரின் மேக் எண்ணுக்கு, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணுக்கு, ஒரே ஐபி முகவரியை ஒதுக்க வேண்டும். பிறகு கணினியில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, ‘டிசிபி/ஐபி’ முறையில் அந்த முகவரியைக் கொடுத்துப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் இரு தலைமுறை லேப்டாப்

தமிழக அரசு 2011-ல் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-உம் பாஸ் லினக்ஸும் இருந்தன. அக்காவுக்குக் கிடைத்த அந்த லேப்டாப்பும், தம்பி புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 கணினியும் ஒரே வீட்டில் இருக்கும்போது வேறு வகைச் சிக்கல் வருகிறது.

யுஎஸ்பி கேபிளில் ஒரு கணினியோடு பிரிண்டரை இணைத்து, அங்கிருந்து மற்றவற்றுக்குப் பகிர்வது பழைய வழக்கம். 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெரிய ஓட்டை, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸின் ஸ்பூலர் சேவையில் இருப்பது தெரியவந்ததும், மைக்ரோசாஃப்ட் அச்சுப் பகிர்வின் பாதுகாப்பை அடுத்தடுத்து இறுக்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, அப்டேட் ஆகாத கணினிகள் பகிர்ந்த பிரிண்டரைத் தேடிப் போனால் ‘11பி’ என்று முடியும் பிழை எண் வந்தது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், அக்காவின் லேப்டாப் இந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிடும்.

ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் வேலை நடக்கும் என்று பலரும் சொல்வார்கள். நடக்கும்தான், ஆனால் பூட்டையே கழற்றிவிட்டுத்தான் அது நடக்கிறது. பிரிண்டரில் வைஃபையோ லேன் துளையோ இருந்தால், அதை நேரே ரவுட்டரோடு இணைப்பதே சரி. ஒரு கணினி இன்னொன்றிடம் அனுமதி கேட்கும் அவசியமே அப்போது இல்லை. தம்பியின் கணினி அணைந்திருந்தாலும் அக்கா பிரிண்ட் எடுக்கலாம்.

வரிசையாகப் பாருங்கள்

முதலில் பிரிண்டரின் சொந்தப் பொத்தானிலிருந்தே ஒரு சோதனைப் பக்கம் எடுங்கள். அது வரவில்லை என்றால் கோளாறு பிரிண்டரில். வலைப்பின்னலைத் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாள் அடிக்கடி சிக்கும். தாள் கட்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வையுங்கள்.

சோதனைப் பக்கம் வந்தால், அடுத்து நெட்வொர்க் அறிக்கைப் பக்கத்தை எடுத்து ஐபி முகவரியைப் பாருங்கள். அந்த எண்ணைக் கணினியின் பிரவுசரில் தட்டினால், பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும். திறந்தால் பாதை சரி.

திறக்கவில்லை என்றால் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்த கருவி மற்றவற்றின் கண்ணுக்குத் தெரியாது.

பாதை சரியாக இருந்தும் பிரிண்ட் வரவில்லை என்றால், வரிசையில் ஒரு பழைய கோப்பு சிக்கியிருக்கலாம். விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி, சிஸ்டம்32 ஃபோல்டரில் ஸ்பூல் என்பதற்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலிசெய்து, சேவையை மீண்டும் தொடங்கினால் அடைப்பு நீங்கும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் யுஎஸ்பி கேபிளில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அதில் பிரிண்ட் வந்துவிட்டால் அன்றைய அவசரம் தீர்ந்தது; பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை, ரவுட்டர் அமைப்பைத்தான் சரிபார்க்க வேண்டும். சோதனைப் பக்கமே வராத பிரிண்டரை மட்டும் மலையிறக்கிப் பழுதுபார்க்கக் கொண்டுபோங்கள்.