சக்கரம் தரையை விடாதிருக்க

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் மோட்டார் சைக்கிளில் போய்வருபவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தார் போட்ட சாலைதான். குழி ஒன்றும் கண்ணில் படாது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் அந்த ஆட்டம் அடங்கிவிடும். ஏன்?

குற்றம் தாரில் இல்லை. அதற்கு அடியில் கிடக்கும் கரிசலில் இருக்கிறது. கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற வகைக் களிமண் மிகுதி. அது நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் நிலத்தின்மேல் போட்ட சாலை நாளடைவில் மெல்லிய அலைகளாக நெளிந்துவிடுகிறது. அந்த அலைகளின் இடைவெளி 8 மீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். ஆகவே வண்டி வினாடிக்கு இரண்டு அலைகளைக் கடக்கிறது. சுருள்வில்லின்மேல் அமர்ந்திருக்கும் வண்டியின் உடலுக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. மோட்டார் சைக்கிள்களில் அதுவும் வினாடிக்கு இரண்டை ஒட்டியே பெரும்பாலும் அமைகிறது. இரண்டும் ஒன்றுபடும்போது, ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளியதுபோல் ஆட்டம் வளர்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த ஒத்ததிர்வு இதுவே.

இதே விதிகள்தாம் சென்னைக்கு மேற்கே, இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயத் தடத்திலும் ஆட்சி செய்கின்றன. அங்கே வேகம் இரு மடங்கு. தவறினால் கொடுக்க வேண்டிய விலை எலும்பு.

தமிழ்நாட்டு மோட்டார் பந்தயம் பழைய கதை. 1953இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு சங்கமே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட தடத்தை அமைத்தது. 1990இல் அங்கே பந்தயங்கள் தொடங்கின. பெரிய நிறுவனங்களின் அணிகள் மட்டுமன்றி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வண்டி ஓட்டவரும் இளைஞர்களும் இங்கே உண்டு. ஒரே மாதிரியான வண்டிகளே ஓடும் பந்தயங்களில் எஞ்சினைத் தொடப் பெரும்பாலும் அனுமதி இராது. அப்போது ஓட்டுபவரின் திறமைக்கு அடுத்தபடி வெற்றியைத் தீர்மானிப்பது எது? சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் சுருள்வில்லும், பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் என்று வழங்கும் அதிர்வுதாங்கியுமே. புதிதாகப் பந்தயத்துக்கு வருபவர் இவற்றைத்தான் கடைசியாக நினைக்கிறார். சைலன்ஸருக்குச் செலவழித்த பணத்தில் கால்பங்கை இதற்கு ஒதுக்கியிருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது.

அதிர்வுதாங்கி ஓட்டுபவரின் இடுப்பு வலிக்காமலிருக்க வைக்கப்பட்டது என்றே பலரும் எண்ணுகிறோம். அது உபரிப் பயன். அதன் முதல் வேலை டயரைத் தரையோடு அழுத்தி வைத்திருப்பது. உராய்வு விசை, தரையின்மீது டயர் அழுத்தும் விசையைப் பொறுத்தது. முன்னும் பின்னும் உள்ளங்கை அகலத் தொடுபரப்பு ஒவ்வொன்று; அவ்வளவுதான் வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவு. சக்கரம் ஒரு மேட்டில் துள்ளி நூலிழை உயரம் எழும்பினாலும், அந்தக் கணத்தில் பிடிப்பு பூஜ்யம். நேர்ச்சாலையில் அது தெரியாமல் போய்விடும். வளைவில் சாய்ந்திருக்கும்போது தெரியாமல் போகாது.

வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. சக்கரங்களின் இடைத்தூரம் 1.35 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.6 மீட்டர் என்று கொள்வோம். வினாடிக்கு வினாடி 8 மீட்டர் என்ற வீதத்தில் வேகம் குறைந்தால், பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு மாறும் பளு ஏறக்குறைய 72 கிலோ. நிற்கும்போது ஆளுக்கு நூறாகச் சுமந்த சக்கரங்களில் இப்போது முன்னது 172 கிலோவும் பின்னது வெறும் 28 கிலோவும் சுமக்கின்றன. அடுத்த கணம் பிரேக்கை விட்டு வண்டியை 45 பாகை சாய்க்கிறார். அப்போது சுருள்வில்கள் உணரும் பளு, நேராக நிற்கும்போது உள்ளதைப்போல் 1.4 மடங்கு. வளைவிலிருந்து வெளியேறி ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பளு மறுபடி பின்னுக்கு ஓடுகிறது. சில வினாடிகளுக்குள் இவ்வளவும் நடக்கிறது. எல்லா நிலையிலும் சக்கரம் மேலே போகவும் இடம் வேண்டும், கீழே இறங்கவும் இடம் வேண்டும்.

கீழே இறங்க எதற்கு இடம் என்று கேட்கலாம். தரையில் மேடு மட்டுமா இருக்கிறது, பள்ளமும் இருக்கிறதல்லவா? பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கித் தொட வேண்டுமானால், ஆள் ஏறியமர்ந்த நிலையிலேயே சுருள்வில் கொஞ்சம் அமிழ்ந்திருக்க வேண்டும். இதனை அமிழ்வு என்போம். பந்தய வண்டிகளின் பின்பக்கத்தில் ஆளோடு சேர்த்து 30 முதல் 35 மில்லிமீட்டர் அமிழ்வு வைப்பது வழக்கம். தடத்தருகே அளவு நாடாவோடு வரும் நிபுணர் முதலில் அளப்பது இதைத்தான்.

அமிழ்வைச் சரிசெய்யச் சுருள்வில்லை முன்கூட்டியே இறுக்கும் வளையம் ஒன்று இருக்கும். இங்கேதான் ஒரு பரவலான மயக்கம். வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று மெக்கானிக்குகளில்கூடப் பலர் நம்புகிறார்கள். ஆகாது. ஒரு சென்டிமீட்டர் அமுங்க 10 கிலோ வேண்டும் என்ற சுருள்வில், எவ்வளவு இறுக்கினாலும் அடுத்த சென்டிமீட்டருக்கு அதே 10 கிலோதான் கேட்கும். மாறுவது அது நிற்கும் உயரம் மட்டுமே.

இதை ஒரு கணக்கில் காண்போம். பின்பக்கம் வண்டியின் பளு 60 கிலோ, ஒல்லியான ஓட்டுநரால் கூடுவது 30 கிலோ, ஆக 90. சுருள்வில் 9 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். அதில் 5.5 சென்டிமீட்டரை முன்னதாகவே இறுக்கி வைத்திருந்தால் அமிழ்வு 3.5. ஆள் இறங்கினாலும் வண்டி தன் எடையால் அரை சென்டிமீட்டர் அமிழ்ந்தே நிற்கும். இப்போது கனமான ஒருவர் ஏறுகிறார். அவரால் கூடுவது 45 கிலோ. அதே 3.5 அமிழ்வு வேண்டுமென்றால் 7 சென்டிமீட்டர் இறுக்க வேண்டும். ஆனால் அவர் இறங்கியதும் வண்டியின் 60 கிலோவால் அந்த இறுக்கத்தை வெல்ல முடிவதில்லை. பின்பக்கம் முழுதும் நீண்டு முட்டி நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தில் 28 கிலோதான் மிஞ்சும் என்று பார்த்தோமே, அப்போதும் இப்படியே முட்டிக்கொள்ளும். பள்ளத்துக்குள் சக்கரம் இறங்காது. ஆகவே ஆள் இல்லாதபோது வண்டி சிறிதும் அமிழாமல் விறைத்து நின்றால், சுருள்வில் அவருக்கு மிருதுவானது என்று பொருள்! விறைப்பாகத் தோன்றுவது உண்மையில் மென்மை. நிபுணர் வளையத்தைத் தொடாமல் வேறு சுருள்வில்லை எடுத்துவரச் சொல்வார்.

சுருள்வில் மட்டும் இருந்தால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டத்தைத் தணிப்பது எண்ணெய். அதிர்வுதாங்கிக்குள் ஒரு தண்டு எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. சுருள்வில்லின் விசை தூரத்தைப் பொறுத்தது. எண்ணெயின் விசை வேகத்தைப் பொறுத்தது. அமுங்கும்போது ஒரு தடை, மீளும்போது ஒரு தடை; நல்ல வகைகளில் இரண்டையும் தனித்தனித் திருகுகளால் மாற்றலாம்.

மீள்தடை அளவுக்கு மீறினால் விந்தையான ஒன்று நடக்கும். முதல் மேட்டில் அமுங்கிய சுருள்வில் முழுதும் மீள்வதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடுகிறது. அது இன்னும் அமுக்குகிறது. மூன்றாவது மேலும் அமுக்குகிறது. வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் நகர இடமின்றி அடியில் முட்டி நிற்கிறது. அங்கே சிக்கல் பேச்சில் தொடங்குகிறது. ஓட்டிவிட்டு வரும் இளைஞர், "அண்ணே, பின்னாடி ரொம்பக் கெட்டியா இருக்கு, ஸ்பிரிங்கைத் தளர்த்திருங்க" என்பார். தளர்த்தினால் இன்னும் எளிதில் அடியில் முட்டும். அடுத்த சுற்றில் வளைவின் நடுவே பின்சக்கரம் நழுவலாம்.

அனுபவமுள்ளவர் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். "எங்கே கெட்டியா இருக்கு தம்பி? பிரேக் பிடிக்கும்போதா, சாய்ச்ச பிறகா, திராட்டில் திறக்கும்போதா? முதல் மேட்டிலேயேவா, மூணாவதுலயா?" என்று கேட்பார். பிறகு அதிர்வுதாங்கித் தண்டில் மாட்டிய ரப்பர் வளையத்தைக் குனிந்து பார்ப்பார். சுருள்வில் அமுங்கும்போது வளையம் தள்ளப்பட்டு, எட்டிய கடைசி எல்லையில் நின்றுவிடும். முன்பக்கப் போர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டு இதே வேலையைச் செய்கிறது. வளையம் அடிமுட்டில் இருந்தால், ஓட்டுநர் "கெட்டி" என்றது மென்மையின் விளைவு. அவர் சுருள்வில்லைத் தொடாமல் மீள்தடைத் திருகை இரண்டு கிளிக் மட்டும் திறந்து திருப்பி அனுப்புவார். பெரிய அணிகளில் இதற்கு மின்னணு உணரிகள் உண்டு. சில ரூபாய் விலையுள்ள பிளாஸ்டிக் கட்டு அவற்றுக்கு ஏழைத் தம்பி.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்; அதையும் நோட்டில் எழுத வேண்டும். டயரின் காற்றழுத்தம், வெயில், எண்ணெய் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். எண்ணெய் சூடானால் இளகும், தடை குறையும். ஆகவே முதல் இரண்டு சுற்றில் சொன்ன குறையை நம்பித் திருகைத் தொடுவதில்லை. திருகே இல்லாத சாதாரணப் போர்க்குகளிலும் வழியுண்டு. எண்ணெயின் தடிமனை மாற்றலாம். அல்லது எண்ணெயை அளந்து கூட்டி, மேலே அடைபட்ட காற்றின் இடத்தைக் குறைக்கலாம். கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும் என்ற பாயில் விதி இங்கே கூலியில்லாமல் வேலை செய்கிறது. கடைசி அமுக்கத்தில் காற்றே ஒரு சுருள்வில் ஆகிவிடும்.

இந்த வேலையைச் செய்பவருக்குப் பந்தய உலகில் க்ரூ சீஃப் என்று பெயர். குழுத் தலைவர் எனலாம். ஆஸ்திரேலியரான ஜெரமி பர்ஜெஸ் இவர்களுள் புகழ்பெற்றவர். 1987இல் வேய்ன் கார்ட்னர், 1994 முதல் 1998 வரை மிக் டூஹன், பின்னர் வாலன்டினோ ரோஸி ஆகியோர் 500 சிசி, மோட்டோ ஜிபி உலகப் பட்டங்களை வென்றபோது அவர்களோடு உழைத்தவர். 2004இல் ரோஸி ஹோண்டாவை விட்டு யமஹாவுக்கு மாறியபோது பர்ஜெஸையும் உடன் அழைத்துச் சென்றார். தென் ஆப்பிரிக்காவின் வெல்காமில் நடந்த முதல் பந்தயத்திலேயே வெற்றி. அவ்வாண்டின் பட்டமும் அவருக்கே. வண்டி புதிது. ஆனால் ரோஸி சொல்வதன் பொருளறிந்த செவி பழையது.

கற்றுக்குட்டிப் பந்தய வீரருக்கு இந்தச் செவியே கிடைப்பதில்லை. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தான். அந்த விபத்தைச் சுருள்வில்லோடு முடிச்சுப்போட இங்கே இடமில்லை. ஆனால் இந்த வயதில் ஒருவன் "வண்டி ஆடுது" என்று சொன்னால் அதைக் கேட்டுப் பொருள்சொல்லப் பக்கத்தில் தெரிந்த ஒருவர் நிற்பது ஆடம்பரமாகாது.

பந்தயத்துக்குப் போகாதவர்களும் தங்கள் வண்டியின் அமிழ்வை அளக்கலாம். நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தொங்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே சட்டத்தில் ஒரு குறிவரை அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டை எடுத்து, நண்பர் பிடித்துக்கொள்ள, கால்களை மிதியில் வைத்து உட்கார்ந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசமே அமிழ்வு. சாலை வண்டிகளில் அது சக்கரம் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கலாம். இரட்டை அதிர்வுதாங்கி உள்ள வண்டிகளில் இரு பக்க வளையமும் ஒரே படியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனையோ வண்டிகளில் இருப்பதில்லை. பின்பு இருக்கையை ஓங்கி அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் போய்விட்டது. கரிசல் புழுதி படிந்த போர்க் குழாயில் ஈரமான கறுப்பு வளையம் தெரிந்தால், புழுதி எண்ணெய்ச் சீலை அறுத்துவிட்டது என்று அறியலாம். சீலை உடனே மாற்றிவிடுங்கள். வழியும் எண்ணெய் பிரேக் டிஸ்கில் இறங்கினால் பிறகு பிரேக்கும் பிடிக்காது.