பல்லியின் வெள்ளையும் அத்தையின் நாடியும்

சுவரில் பல்லி எச்சமிட்ட இடத்தைத் துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அரிசி நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று. அதன் ஒரு நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளை. கறுப்பு, மலம். வெள்ளைதான் பல்லியின் சிறுநீர். கழிவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றாமல் பசையாக்கித் தள்ளிவிடுவது பல்லியும் பறவையும் கண்டுபிடித்த சிக்கனம். அந்தப் பசையில் பெரும்பகுதி யூரிக் அமிலம்.

அதே பொருள்தான் என் அத்தையின் ரத்தப் பரிசோதனைத் தாளில் 8.4 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பெண்களுக்கு 6-ஐத் தாண்டினாலே ஆய்வகங்கள் அம்புக்குறி போட்டுவிடும். அத்தைக்கு 72 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் பல வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக நெஞ்சுப் படபடப்பு.

“ஏம்ப்பா, இந்த உப்பு கூடுனதாலதான் நெஞ்சு இப்படி அடிச்சுக்குதா?”

ரத்தத்தில் எது கூடினாலும் அத்தைக்கு அது உப்புதான். இந்த முறை வேதியியலும் அவர் பக்கம். ரத்தத்தில் ஓடும் யூரிக் அமிலம் பெரும்பாலும் சோடியத்தோடு சேர்ந்த யூரேட் உப்பாகவே இருக்கிறது. டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் கரைந்தது போதும் என்று படிகமாக ஆரம்பிக்கும். உடம்பில் சூடு குறைந்த மூட்டு கால் கட்டைவிரல் என்பதால், அங்கே போய் ஊசி ஊசியாகப் படியும். கவுட் என்ற மூட்டுவலி பெரும்பாலும் அங்கிருந்து தொடங்குவது அதனால்தான்.

மற்றப் பாலூட்டிகளுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. பசுவின் உடம்பிலும் நாயின் உடம்பிலும் யூரிகேஸ் என்றொரு நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை நன்றாகக் கரையும் வேறொரு பொருளாக உடைத்துவிடும். நம் முன்னோர்களான வாலில்லாக் குரங்குகள் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நொதியைத் தொலைத்தன. மரபணு இன்னும் நம்மிடம் இருக்கிறது, துருப்பிடித்த பூட்டு மாதிரி, திறக்காமல். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், அழிந்துபோன அந்தப் பழைய நொதிகளை ஆய்வகத்தில் மறுபடி உருவாக்கிப் பார்த்தார்கள். தொலைவதற்கு வெகுகாலம் முன்பே அதன் வேகம் படிப்படியாகக் குறைந்து வந்திருந்தது தெரிந்தது. அப்படியானால் யூரிக் அமிலம் கொஞ்சம் தேங்கியதில் ஏதோ லாபம் இருந்திருக்க வேண்டும். என்ன லாபம் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு துடிப்பு நெருக்கமாக. ஒரு இடைவெளி. அப்புறம் ஒன்று. திடீரென்று மூன்று அவசர அவசரமாக. தாளம் தப்பிய மிருதங்கத்தில்கூட எங்கே தப்பியது என்று சொல்லிவிடலாம். இதில் தப்புவதற்கே தாளம் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். சாதாரணமாக இதயத்தின் மேலறைகளுக்கு ஒரே இடத்திலிருந்து ஒரே கட்டளை வரும். இதில் நிமிடத்துக்கு 350-லிருந்து 600 வரை மின்னதிர்வுகள் கண்டபடி ஓடுகின்றன. மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்குகின்றன. அதிர்வுகளில் சிலவற்றை மட்டும் நடுவிலுள்ள ஒரு முடிச்சு கீழறைகளுக்கு அனுப்புவதால் ஏதோ பிழைக்கிறோம். ஆனால் இடது மேலறையில் காதுமடல் போலத் தொங்கும் ஒரு சின்னப் பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட இவர்களுக்குச் சுமார் 5 மடங்கு.

இனி அத்தையின் கேள்வி. அமெரிக்காவில் ஏரிக் என்ற நீண்டகால ஆய்வு, 1987 முதல் நான்கு ஊர்ப்பகுதிகளில் 15,000-க்கும் மேற்பட்ட நடுவயதினரைத் தொடர்ந்து கவனித்தது. தொடக்கத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் இந்தத் தாளக் கோளாறு கூடுதலாக வந்திருந்தது. கறுப்பினத்தவரிடமும் பெண்களிடமும் இந்தத் தொடர்பு இன்னும் தெளிவு.

அதற்குப் பொருத்தமான கதையும் இருக்கிறது. இதயத்துக்கு எரிபொருள் ஏடிபி. ஒரு நாளைக்குக் கிலோ கணக்கில் அதைச் செலவழித்து, செலவழித்ததையே மறுபடி கட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் போதாமல் போனால் கட்ட முடிவதில்லை. ஏடிபி மேலும் மேலும் உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. அந்தக் கடைசிப் படியைச் செய்வது ஸான்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி. வேலை செய்யும்போதே அது தீப்பொறி மாதிரி, செல்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் தெறிக்கவிடும். எலியின் மேலறைச் செல்களை யூரிக் அமிலத்தில் வளர்த்துப் பார்த்த ஆய்வும் உண்டு. செல்லுக்குள் புகுந்த அமிலம் ஒருவகைப் பொட்டாசியம் வாசல்களைப் பெருக்கியது. வாசல் பெருகினால் ஒவ்வொரு மின்துடிப்பும் சீக்கிரம் அடங்கி, செல் அடுத்த துடிப்புக்கு முன்னதாகவே தயாராகிவிடும். கண்டபடி ஓடும் அதிர்வுக்கு அதைவிட வசதி வேண்டுமா?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அத்தையின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன்.

காலை அறையில் ஃப்யூரோசிமைடு இருந்தது. நம் ஊரில் ‘மூத்திர மாத்திரை’. கால் வீக்கத்துக்குக் கொடுத்தது. அது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடும். அதற்கடுத்த அறையில் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். சிறிய அளவு ஆஸ்பிரினும் அதையே செய்யும். உடம்பு கழிக்கும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவே போகிறது. இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். ஆக, இதய நோயாளியிடம் 8.4 வருவதற்கு ஆயிரம் வழி. இதைவிட முக்கியமான ஒன்று: அந்த மூத்திர மாத்திரை பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் தாளம் குலையும். ஒரே மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றவும் செய்யலாம், தாளத்தைக் குலைக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் நேரடி உறவே இல்லாமல்.

அமிலத்தைக் குறைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா? அதற்கு அலோப்யூரினால் இருக்கிறது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் ஒரு புற்றுநோய் மருந்து உடம்பில் சீக்கிரம் கரைந்துபோகாமல் இருக்கத் தேடியபோது கிடைத்தது. ஸான்தீன் ஆக்சிடேஸையே அடக்குவது. 1988-இல் அவர்களுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பிரிட்டனில் ஆல்-ஹார்ட் என்ற சோதனையில், கவுட் இல்லாத, 60 வயது தாண்டிய இதய நோயாளிகள் 5,700-க்கும் மேற்பட்டோரில் பாதிப்பேருக்குத் தினமும் 600 மில்லிகிராம் வரை இதைக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 5 ஆண்டுகள் கழித்து, 2022-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 11 சதவீதம், எடுக்காதவர்களில் 11.3. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சோதனை முக்கியமாகத் தாளக் கோளாறை அளக்க வந்ததல்ல என்பது நிஜம். என்றாலும், அமிலம் என்ற சாம்பலை மட்டுமல்ல, அந்த நொதி என்ற அடுப்பையே தணித்த மருந்து பலன் தரவில்லை என்பது அமிலத்தைக் குற்றவாளி என்பவர்களுக்குப் பெரிய சறுக்கல். என்னைக் கேட்டால், இதய நோயாளியிடம் யூரிக் அமிலம் சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டிய ஆள். வாயைத் திறக்கவைத்தால் சிறுநீரகம், இதயத்தின் தளர்ச்சி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பற்றிச் சொல்லும்.

அத்தையின் டாக்டரும் அமிலத்துக்கு மாத்திரை எழுதவில்லை. பொட்டாசியம் பார்க்கச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சேர்த்தார்.

அத்தைக்கு அது போதவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ பருப்பையும் கீரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்த ஒரு அமெரிக்க ஆய்வில் இறைச்சியும் மீனும்தான் கவுட்டைக் கூட்டின, காய்கறியும் பருப்பும் கூட்டவில்லை என்றேன். முகம் தெளிந்தது. கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப நெத்திலிக் கருவாடு?”

“அதுல ரெண்டு உப்பும் இருக்கு, அத்தை.”